டேக்கிளே பண்ணாம பழகின டீம் தேசிய சாம்பியன் ஆன கதை: செயின்ட் ஜான்ஸ், 2003

14 செப்டம்பர் 2024, ஒரு வாசகர் கேட்டது

அமெரிக்காவுல மினசோட்டா பக்கம் ஒரு சின்ன காலேஜாம். ஃபுட்பால் டீம் பிராக்டிஸ்ல ஒருத்தன் இன்னொருத்தனை இடிச்சுக் கீழ தள்ளவே மாட்டானாம், கோச் விசில் கூட வச்சுக்க மாட்டாராம், விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் கிடையாதாம். இப்படியே போய் தேசிய சாம்பியன் ஆனாங்கன்னு ஒரு பதிவு சுத்திக்கிட்டு இருக்கு. இடிச்சு விளையாடுற ஆட்டத்துல இடிக்காம பழகி எப்படிங்க ஜெயிக்க முடியும்? தண்ணியில இறங்காம நீச்சல் கத்துக்கிட்ட கதையா இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

14 செப்டம்பர், ராத்திரி

கதை இல்லைங்க, நடந்ததுதான், அதுல பாதியை நான் நேர்லயே பார்த்திருக்கேன். 2002ல இருந்து 2004 வரைக்கும் செயின்ட் கிளவுட் ஊர்ல எம்.எஸ். படிச்சேன். அங்கிருந்து மேற்கே கார்ல இருபது நிமிஷம் போனா காலேஜ்வில், செயின்ட் ஜான்ஸ் யூனிவர்சிட்டி. பேருக்குத்தான் யூனிவர்சிட்டி, படிக்கிற பசங்க ரெண்டாயிரம் பேர் கூட தேற மாட்டாங்க. பெனடிக்ட் சபை துறவிகள் நடத்துற ஆம்பளைப் பசங்க காலேஜ், சுத்தி ஏரியும் பைன் மரமும்தான்.

கோச் பேரு ஜான் கல்யார்டி. பசங்க யாரும் அவரைக் "கோச்"னு கூப்பிடக் கூடாது, ஜான்னுதான் கூப்பிடணும், அது அவர் சட்டம். அவர் சட்டமெல்லாமே "வேண்டாம்"ல தான் முடியும். பிராக்டிஸ்ல டேக்கிள் வேண்டாம். விசில் வேண்டாம். இரும்பு ஸ்லெட்டைத் தோளால முட்டித் தள்ளுற பயிற்சி வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல பிராக்டிஸ் வேண்டாம். மழை கொட்டுனா, கொசு ரொம்பக் கடிச்சா, வெளியில நிக்கவே வேண்டாம், உள்ள போயிடலாம். புதுப் பையனை சீனியர் சீண்டுறது வேண்டாம். டீம்ல சேர வந்தவனை நீ தேற மாட்டேன்னு திருப்பி அனுப்புறதும் வேண்டாம். அதனாலதான் அந்தக் குட்டி காலேஜ்ல டீம் லிஸ்ட் 150 பேரைத் தாண்டி நிக்கும். எடைத் தூக்குறது கூட அவர் தடை பண்ணிட்டார்.

இதெல்லாம் வச்சுக்கிட்டுத்தான் 2003ல 14 ஆட்டம் ஆடி 14லயும் ஜெயிச்சு டிவிஷன் 3 தேசிய சாம்பியன் ஆனாங்க. அடிபடாம பழகினதாலதான் டிசம்பர் வரைக்கும் அந்தப் பசங்க கால்ல தெம்பு இருந்துச்சு, ஜெயிச்சதுக்குக் காரணமே அந்த முறைதான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

15 செப்டம்பர்

ரெண்டு பேர் மெஸ்ஸி, ரொனால்டோன்னு ஆரம்பிச்சுட்டாங்க. இது அந்தக் கால்பந்து இல்லைங்க. ரெண்டு முனையும் கூரா இருக்கிற பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். நாலு வாய்ப்புக்குள்ள 10 யார்டு நகர்த்தணும், மறுகோடிக்குக் கொண்டு போயிட்டா டச்டவுன், 6 பாயின்ட். பந்து வச்சிருக்கிறவனைப் பிடிச்சுத் தரையில சாய்க்கிறதுதான் டேக்கிள். நம்ம கபடியில ரெய்டு வந்தவனை அமுக்குற மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா எதிர்ல வர்றவன் நூறு கிலோ இருப்பான், முழு வேகத்துல ஓடி வருவான்.

டிவிஷன் 3ன்னா என்னன்னும் கேட்டிருக்காங்க. அமெரிக்கக் காலேஜ் விளையாட்டுல கடைசிப் படி அது. டிவியில நாம பார்க்கிற பெரிய பெரிய டீமெல்லாம் டிவிஷன் 1. டிவிஷன் 3ல விளையாட்டுக்காக ஒரு டாலர் ஸ்காலர்ஷிப் கூடக் கொடுக்கக் கூடாது. சாயங்காலம் பிராக்டிஸ், ராத்திரி லேப் ரிப்போர்ட், காலையில கிளாஸ். ஃபீஸ் கட்டிப் படிக்கிற பசங்க ஆசைக்கு ஆடுறது. எனக்கு அந்த ஆட்டம் பிடிச்சுப் போனதே அதனாலதான்.

17 செப்டம்பர்

நேர்ல பார்த்தேன்னு சொன்னேன்ல, அதைச் சொல்றேன். 2003 நவம்பர் 8, சனிக்கிழமை. எனக்கு அந்த ஆட்டத்துல ஒண்ணுமே தெரியாது, ரூம்மேட்தான் "வாடா, இன்னிக்கு ஒரு கிழவர் உலக சாதனை பண்ணப் போறார்"னு இழுத்துக்கிட்டுப் போனான். காலேஜ் ஃபுட்பால்ல அதிக வெற்றி எடுத்த கோச்னு கிராம்ப்ளிங் ஸ்டேட்ங்கிற காலேஜ்ல இருந்த எடி ராபின்சன் 408 வெற்றியோட இருந்தார். முந்தின சனிக்கிழமை, நவம்பர் 1, ஜானோட 77வது பிறந்தநாள், அன்னிக்கு அவரும் 408க்கு வந்துட்டார். இன்னும் ஒண்ணு வேணும்.

கிளெமென்ஸ் ஸ்டேடியம்னு பேரு, ஆனா ஸ்டேடியம்னு சொன்னா நீங்க மனசுல நினைக்கிற மாதிரி இருக்காது. ஒரு பள்ளம், அதுக்குள்ள மைதானம், மேட்டுச் சரிவுல ஜனங்க, அதுக்கு மேல வரிசையா பைன் மரம். ரெண்டாயிரம் பேர் கூடப் படிக்காத காலேஜ்ல அன்னிக்கு 13,000 பேருக்கு மேல கூட்டம். உட்கார இடம் இல்லாம சரிவுல நின்னோம். கையுறை போட்டும் விரல் மரத்துப் போச்சு, பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் ஃபிளாஸ்க் மூடியில காபி ஊத்திக் கொடுத்தார், அவர்தான் எங்களுக்கு ஆட்டத்தையே சொல்லிக் கொடுத்தார். அவர் பையனும் ஜான்கிட்ட ஆடினவனாம், நாலு வருஷத்துல ஒரு ஆட்டத்துல கூட முதல் 11ல இறங்கினது இல்லையாம். "ஆனா ஒவ்வொரு சனிக்கிழமையும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு இங்க நின்னான்"னு அந்தப் பெரியவர் சொன்னப்ப அவர் முகத்தைப் பார்க்கணுமே! தேசிய டீமுக்கு ஆடின பையனைப் பத்திப் பேசுற மாதிரி சொன்னார்.

எதிர் டீம் பெத்தேல். லேசுல விடல. முடிவுல 29க்கு 26, மூணே மூணு பாயின்ட் வித்தியாசம். 409. பசங்க அவரைச் சூழ்ந்துக்கிட்டாங்க, அந்த நெரிசல்ல தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது.

18 செப்டம்பர்

திருத்தம். எடைத் தூக்குறதைத் தடை பண்ணிட்டார்னு 14ஆம் தேதி எழுதினேன், தப்பு. கட்டாயம் கிடையாதுங்கிறதுதான் சரி. செய்யணும்னு நினைக்கிற பையன் தாராளமா ஜிம்முக்குப் போகலாம், வரலைன்னா யாரும் கேட்க மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல, சுட்டிக் காட்டினவருக்கு நன்றி.

18 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

"சரிங்க, டேக்கிள் பண்ணாம அப்புறம் பிராக்டிஸ்ல என்னதான் பண்ணுவாங்க?" நியாயமான கேள்வி. 409க்கு அடுத்த வாரம் ஒரு நாள் சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன், கேட்டுல யாரும் நிறுத்தல. ஆரம்பத்துல பசங்க எல்லாரும் புல்லு மேல மல்லாக்கப் படுத்துட்டாங்க. வார்ம்அப் பண்ணப் போறாங்கன்னு பார்த்தா, வானத்தைப் பார்த்துக்கிட்டு பக்கத்துல படுத்திருக்கிறவன்கிட்ட "இன்னிக்கு நாள் எவ்வளவு அழகா இருக்கு"ன்னு சொல்றானுங்க. அதுதான் பயிற்சி! அதுக்குப் பேரே அழகான நாள் பயிற்சி.

அப்புறம் எழுந்து ஆட்டத் திட்டத்தை ஓட்டிப் பார்த்தாங்க. ஒரே திட்டம், திரும்பத் திரும்ப. நான் ஒரு டிஃபென்ஸ் பையனையே கவனிச்சுக்கிட்டு இருந்தேன். பந்தோட ஒருத்தன் வெளிப்பக்கமா ஓடுறான், இவன் ரெண்டு அடி குறுக்கா வச்சு, இடுப்பை இறக்கி, சரியா அவன் வரப்போற இடத்துக்கு முன்னாடியே போய் நின்னுட்டான். கை ரெண்டும் விரிஞ்சிருக்கு, நெஞ்சுக்கும் நெஞ்சுக்கும் ஒரு சாண் இடைவெளி. அடுத்து விழப்போறாங்கன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன், இவன் உள்ளங்கையால அவன் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு வழி விட்டுட்டான். ரெண்டு பேரும் பழைய இடத்துக்கு நடந்து போறாங்க. மறுபடி. மறுபடி. அரை மணி நேரத்துல அந்தப் பையன் எத்தனை தடவை சரியான இடத்துக்குப் போய் நின்னான்னு எண்ணியே முடியாது, ஏன்னா கீழ விழுந்து எழுந்து மூச்சு வாங்குற நேரமெல்லாம் அவனுக்கு மிச்சம். இடிக்கத் தெம்பு எல்லார்கிட்டயும் இருக்கு, எங்க போய் நிக்கணும்னு தெரியறதுதான் கஷ்டம், அதைத்தான் அங்க சொல்லிக் கொடுக்கிறாங்கன்னு அன்னிக்குப் புரிஞ்சது. விசில் இல்லாததால பேச்சுக் குரல் மட்டும் கேட்டுச்சு, சாயங்கால வகுப்பு மாதிரி.

நீச்சல் உதாரணம் சொன்ன நண்பருக்கு: இவங்க தண்ணியில இறங்கினாங்க, சனிக்கிழமை சனிக்கிழமை இறங்கினாங்க. மத்த நாள்ல தலையில கல்லைக் கட்டிக்கிட்டு இறங்கல, அவ்வளவுதான்.

22 செப்டம்பர்

ஃபைனல் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. முதல்ல எதிர் டீம் யாருன்னு சொன்னாத்தான் அதோட கனம் தெரியும். ஒஹையோ மாநிலம் அலயன்ஸ் ஊர்ல மவுன்ட் யூனியன், இவங்களும் சின்ன காலேஜ்தான், ஆனா டிவிஷன் 3ல இவங்கதான் ராஜா. கோச் லாரி கேரஸ். 2003 டிசம்பர்ல ஃபைனலுக்கு வர்றப்ப தொடர்ந்து 55 ஆட்டம் ஜெயிச்சிருந்தாங்க. எட்டு வருஷமா தோல்வின்னா என்னன்னே தெரியாத டீம். 2000 ஃபைனல்ல இதே செயின்ட் ஜான்ஸை 10க்கு 7ன்னு கடைசி நேர ஃபீல்டு கோல்ல (பந்தைக் கம்பத்துக்கு நடுவுல உதைச்சு எடுக்கிற 3 பாயின்ட்) கவுத்தவங்களும் இவங்கதான்.

செயின்ட் ஜான்ஸும் சும்மா வந்து நிக்கல. காலிறுதியில லின்ஃபீல்டுங்கிற காலேஜை 31க்கு 25னு தாண்டி, அரையிறுதியில ஆர்.பி.ஐ.ங்கிற இன்னொரு காலேஜை 38க்கு 10னு நொறுக்கிட்டு வந்தாங்க.

டிசம்பர் 20, வெர்ஜீனியாவுல சேலம் ஊர். ஃபைனலுக்கு ஸ்டேக் பவுல்னு பேரு. செமஸ்டர் முடிஞ்சு பாதி பேர் ஊருக்குப் போயிட்டாங்க, ஹீட்டர் சரியா வேலை செய்யாத ரூம்ல நாங்க மூணு பேர் ஆளுக்கொரு போர்வையைச் சுத்திக்கிட்டு டிவி முன்னாடி. உண்மையைச் சொன்னா தோத்துடுவாங்கன்னு நினைச்சுத்தான் உட்கார்ந்தேன். மவுன்ட் யூனியனை 6 பாயின்ட்லயே நிறுத்திட்டாங்க! ஆட்டத்துக்கு நாப்பது பாயின்ட் சர்வசாதாரணமா அடிக்கிற டீமை, பிராக்டிஸ்ல ஒரு டேக்கிள் கூடப் பண்ணாத பசங்க ஆறோட நிறுத்தினாங்க. பின்பாதியில ஒரு கட்டத்துல மவுன்ட் யூனியன் கோல் லைன் வரைக்கும் வந்துடுச்சு, டச்டவுன் போட்டா ஆட்டம் மாறிடும். அவங்க குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவன்) எறிஞ்ச பந்தை செயின்ட் ஜான்ஸ் பையன் ஒருத்தன் நடுவுல புகுந்து பிடிச்சுட்டான். பிடிச்ச இடத்துலயே மண்டி போட்டிருந்தாலும் போதும். ஓடினான். 100 யார்டு. மைதானத்தோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி. நாங்க மூணு பேரும் போர்வையைத் தூக்கிப் போட்டுட்டு எழுந்து நின்னுட்டோம், கீழ் வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். 24க்கு 6.

பிளேக் எலியட்னு ஒரு ரிசீவர், அதாவது எறியற பந்தைப் பிடிக்கிறவர், அந்த டீமோட நட்சத்திரம். டிவிஷன் 3ல அந்த வருஷத்துச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைச்சது. அந்த விருதுக்குப் பேரு என்ன தெரியுமா, கல்யார்டி ட்ராஃபி. 1993ல இருந்து ஜான் பேர்லதான் கொடுக்கிறாங்க.

23 செப்டம்பர்

திருத்தம், இது பெரிய திருத்தம். எட்டு வருஷமா தோக்காத டீம்னு நேத்து எழுதினது தப்பு. 1996ல இருந்து தொடர்ந்து 54 ஜெயிச்சாங்க, 1999 அரையிறுதியில ரோவன் யூனிவர்சிட்டிகிட்ட ஓவர்டைம்ல 24க்கு 17னு தோத்தாங்க, அப்புறம் மறுபடி 55. அதாவது 110 ஆட்டத்துல 109 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. சரியான கணக்கு நான் எழுதின தப்புக் கணக்கை விட மலைப்பா இருக்கு.

24 செப்டம்பர்

ஆமாங்க, ஜானுக்கு இது நாலாவது பட்டம். 1963, 1965, 1976, அப்புறம் 2003. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல 27 வருஷம். 1965ல ஃபைனல்ல 33க்கு 0ன்னு ஜெயிச்சதும் லின்ஃபீல்டைத்தான். 2003 காலிறுதியில ஆடின பசங்களோட அப்பாக்கள் அப்ப ஸ்கூல் பசங்களா இருந்திருப்பாங்க.

2 அக்டோபர்

ஒரு வாரமா ஏன் எழுதலன்னு தனியா கேட்டவங்களுக்கும் சேர்த்து இங்கயே சொல்லிடறேன். நான் இந்த இழையில இவ்வளவு மெனக்கெட்டு எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு.

என் பையன் பத்தாவது படிக்கிறான், இங்க ஸ்கூல் டீம்ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடறான். சின்ன வயசுல இருந்து நான் சொன்ன 2003 கதையைக் கேட்டு வளர்ந்தவன், ஆசையை விதைச்சதே நான்தான். ஆகஸ்ட் கடைசியில, சீசன் ஆரம்பிக்கவே இல்ல, பிராக்டிஸ்ல தலையில அடி. ரெண்டு பேரை எதிரெதிரா நிறுத்தி, ஒரு குறுகலான பாதையில மோதவிட்டு, யார் பின்வாங்குறான்னு பார்க்கிற பயிற்சி. பழைய ஓக்லஹோமா டிரில்தான், பேரை மட்டும் மாத்தி வச்சிருக்காங்க. அடிபடறதே தொழிலா இருக்கிற என்.எஃப்.எல்.ங்கிற தொழில்முறை லீக் 2019லயே அதை வேண்டாம்னு நிறுத்திடுச்சு. பதினஞ்சு வயசுப் பசங்களுக்கு இன்னும் நடக்குது.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில "அப்பா, நாளைக்கு என்ன கிழமை?"ன்னு கேட்டான். வியாழன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். மூணாவது தடவை கேட்டப்ப என் வீட்டம்மா கையில இருந்த கரண்டியை அப்படியே வச்சுட்டு என்னைப் பார்த்தா. கார் சாவியை எடுத்துட்டோம்.

கன்கஷன், தலையில அடிபட்டு மூளை அதிர்ந்து போறது. அஞ்சு வாரம் ஆச்சு. முதல் பத்து நாள் வெளிச்சமே ஆகல, ஜன்னல்ல பெட்ஷீட் கட்டி வச்சிருந்தோம். போன வாரம் மறுபடி தலைவலி வந்துச்சு, அதான் இந்தப் பக்கம் வரல. இப்ப பரவாயில்ல, ஸ்கூலுக்குப் போறான்.

3 அக்டோபர்

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஸ்கூல் பேரைக் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன், அந்தக் கோச்சும் கெட்டவர் இல்ல, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொல்லிக் கொடுக்கிறார்.

"மேட்ச்லயும் அடிபடத்தானே செய்யும்?"னு ஒருத்தர் கேட்டார். படும். ஆனா 2021ல வந்த ஒரு ஆய்வு, பெரிய காலேஜ் டீம் வீரர்களை அஞ்சு சீசன் தொடர்ந்து கவனிச்சது, கன்கஷன்ல 72 சதவீதம் பிராக்டிஸ்லதான் நடந்ததுன்னு சொல்லுச்சு, மேட்ச்ல இல்ல. யாருமே ஸ்கோர் எண்ணாத, டிக்கெட் வாங்கி யாரும் பார்க்க வராத நாள்ல. இதைப் படிச்சதுல இருந்து என்னால அமைதியா இருக்க முடியல.

7 அக்டோபர்

இன்னிக்கு ஜான் இறந்த நாள். 2018 அக்டோபர் 7, 91 வயசு.

இந்த "வேண்டாம்" எல்லாம் அவருக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், இன்னிக்கு அதைச் சொல்றதுதான் பொருத்தம். கொலராடோவுல டிரினிடாட்னு ஊர், இத்தாலியக் குடும்பம். 1943ல அவர் ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருக்கிறப்ப, கோச் ரெண்டாம் உலகப் போருக்குப் போயிட்டார். டீமையே கலைச்சுடலாம்னு இருந்த நேரம், 16 வயசுப் பையன் ஜான், நான் பார்த்துக்கிறேன்னு பொறுப்பை எடுத்துக்கிட்டார். அவரும் ஆடிக்கிட்டு, அவரே கோச்சாவும் இருந்தார். முதல்ல பண்ணதே, தனக்கும் கூட ஆடுறவங்களுக்கும் பிடிக்காததை எல்லாம் நிறுத்தினதுதான். குந்தி உட்கார்ந்த மாதிரியே வாத்து நடை நடக்க விடுறது, நிறுத்து. அந்தக் காலத்துல பிராக்டிஸ்ல தண்ணி குடிச்சா உடம்பு கெட்டுடும்னு குடிக்கவே விட மாட்டாங்களாம், குடிக்க விட்டார். அப்பயும் ஜெயிச்சாங்க.

அதாவது அது கோச் ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்ச தத்துவம் இல்ல. தாகமா இருந்த பையன் ஒருத்தன் எடுத்த முடிவு. அதை 2012 வரைக்கும் மாத்திக்கவே இல்ல. செயின்ட் ஜான்ஸ்ல மட்டும் 60 சீசன், மொத்தம் 489 வெற்றி, 138 தோல்வி, 11 டிரா.

19 அக்டோபர்

இப்ப நான் ஒண்ணை வாபஸ் வாங்கணும்.

முதல் நாள் பதில்ல, ஜெயிச்சதுக்குக் காரணமே அந்த முறைதான்னு எழுதினேன். ஒரு நண்பர் நிதானமா கேட்டார்: "அப்படின்னா மவுன்ட் யூனியன் 13 பட்டம் எடுத்திருக்கே, அவங்ககிட்ட இந்த வேண்டாம் பட்டியல் ஒண்ணும் இல்லையே, செயின்ட் ஜான்ஸ் நாலுதானே?" ரெண்டு நாள் பதில் சொல்ல முடியாம சுத்தினேன். அவர் சொல்றது சரி. கேரஸும் ஜானும் 2012 சீசனோடதான் ஓய்வு பெற்றாங்க, கேரஸோட கணக்கு 332 வெற்றி, 24 தோல்வி, 3 டிரா. விகிதம் பார்த்தா ஜானை விட மேல. டேக்கிள் இல்லாததுதான் ஜெயிக்க ரகசியம்னா மத்த எல்லாரும் எப்பவோ காப்பி அடிச்சிருப்பாங்க.

ஆனா இன்னொரு பக்கத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. நான் இத்தனை நாள் தப்பான வாதத்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்திருக்கேன். பயிற்சியில இடிக்க விடுற கோச் ஒவ்வொருத்தரும் சொல்ற காரணம், இல்லைன்னா தோத்துடுவோம்ங்கிறதுதான். பசங்க மெத்துனு ஆயிடுவாங்க, மேட்ச்ல பயந்துடுவாங்கன்னு. அந்தக் காரணம் பொய்ன்னு நிரூபிக்க 489 வெற்றி இருக்கு. இடிக்காம பழகினா கட்டாயம் ஜெயிப்பீங்கன்னு 2003 சொல்லல. இடிக்காம பழகியும் ஜெயிக்கலாம்னு சொல்லுது, அதுவும் 110ல 109 ஜெயிச்சவங்களையே. அப்படி இருக்கிறப்ப என் பையன் தலையில ஏன் அடி பட்டுச்சு? எதுக்காக? இந்தக் கேள்விக்கு என்கிட்ட யாரும் பதில் சொல்லல.

20 அக்டோபர்

"ஜான் ஒருத்தர்தானே, விதிவிலக்கு"ன்னு சொன்னவருக்கு: டார்ட்மவுத் காலேஜைப் பாருங்க. டிவிஷன் 1, ஐவி லீக்ங்கிற எட்டுப் பழைய காலேஜ்கள் ஆடுற லீக். 2008ல ஆடின 10 ஆட்டத்துலயும் தோத்த டீம். கோச் பட்டி டீவன்ஸ் 2010ல பிராக்டிஸ்ல ஆள் மேல ஆள் விழுற டேக்கிளையே எடுத்துட்டார். பசங்க மெத்தை மேலயும், அப்புறம் மைதானத்துல ரிமோட்ல ஓடுற ரோபோ பொம்மை மேலயும் பாய்ஞ்சு பழகினாங்க. 2015ல ஐவி பட்டத்துல பங்கு எடுத்தாங்க. 2016ல ஐவி லீக் கோச்சுங்க எட்டுப் பேரும் ஒருமனதா, சீசன் நடக்கிறப்ப பிராக்டிஸ்ல முழு டேக்கிள் வேண்டாம்னு ஒத்துக்கிட்டாங்க. விதிவிலக்கு ரெண்டாச்சு, அப்புறம் ஒன்பதாச்சு.

3 நவம்பர்

இழை கொஞ்சம் பாரமா போயிடுச்சு, வேற பேசுவோம். காலேஜ்வில் போறவங்க ஃபுட்பால் மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. மார்செல் பிராயர்ங்கிற கட்டடக் கலைஞர் வடிவமைச்ச சர்ச் ஒண்ணு இருக்கு, முன்னாடி மணிகள் தொங்குற ஒரு கான்கிரீட் சட்டம் பிரம்மாண்டமா நிக்கும், பனி பெய்யுறப்ப பார்த்தா பெரிய கப்பலோட பாய் மாதிரி இருக்கும். நான் அங்க சுத்தின காலத்துல ஒரு முழு பைபிளைத் தோல் தாள்ல இறகுப் பேனாவால கையால எழுதுற வேலையை அவங்க ஏற்பாடு பண்ணி நடந்துக்கிட்டு இருந்துச்சு, 1998ல ஒப்பந்தம் கொடுத்து 2011லதான் எழுதி முடிச்சாங்க. அவசரமே படாத ஊர். 60 வருஷம் ஒரே கோச்சை வச்சிருந்ததுல ஆச்சரியமே இல்ல.

மடத்து ரொட்டியும் வாங்குங்க. கறுப்பா, கனமா இருக்கும்.

10 நவம்பர்

409வது வெற்றி நடந்து நேத்தோட 21 வருஷம் ஒரு நாள். பையனோட உட்கார்ந்து ஃபைனல்ல அந்த 100 யார்டு ஓட்டத்தை மறுபடி பார்த்தேன். நான் எப்பவும் பந்து வச்சிருக்கிறவனைத்தான் பார்ப்பேன். பையன் நிறுத்தி, பின்னாடி ஓட்டி, "அப்பா, அவனைப் பார்க்காதீங்க, கூட ஓடுறவங்களைப் பாருங்க"ன்னான். பந்து கைமாறின நொடியிலேயே திரும்பி, எதிராளி வர்ற வழியில போய் நிக்கிற பசங்க. குறுக்கா ரெண்டு அடி, இடுப்பை இறக்கி. நான் 2003ல புல்தரையில பார்த்த அதே அடி. இருபத்தோரு வருஷமா நான் கவனிக்காதது அவன் கண்ணுல ஒரே தடவையில பட்டுடுச்சு. அவனுக்கு இந்த ஆட்டம் எவ்வளவு பிடிக்கும்னு அப்பதான் எனக்கு முழுசா உறைச்சது. நிறுத்திடுன்னு சொல்ல நினைச்சு வச்சிருந்த பேச்சை அன்னிக்குப் பேசல.

24 நவம்பர்

கோச்சைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்குப் போகல. சீசன் முடிஞ்சு அவர் கூம்புகளை அடுக்கிக்கிட்டு இருந்தார், நானும் கூட நின்னு அடுக்கினேன். ஜான் பேரைச் சொன்னதும் தெரியும்னார். டார்ட்மவுத் விவரமெல்லாம் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன், வாங்கி மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டார். "நான் ஆடின காலத்துல எனக்கும் ரெண்டு தடவை ஆச்சு, அப்ப யாரும் அதுக்குப் பேரு கூட வைக்கல"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அந்த மோத விடுற பயிற்சியை அடுத்த வருஷம் எடுத்துடறேன்னு சொன்னார். பிராக்டிஸ்ல டேக்கிளே வேண்டாம்னு சொன்னதுக்கு மட்டும் தலையை ஆட்டிட்டார், முடியாதுங்கிற மாதிரி. வாரத்துக்கு ஒரு நாள்னு குறைக்கலாமான்னு கேட்டேன். பார்க்கிறேன்னார்.

1 டிசம்பர்

"பையனை விடுவீங்களா மாட்டீங்களா?"ன்னு பத்துப் பேருக்கு மேல கேட்டாச்சு. டாக்டர் படிப்படியா ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டார், இப்ப மெதுவா ஓடறான். அடுத்த சீசனுக்கான பெற்றோர் சம்மதப் படிவம் ஃப்ரிட்ஜ் கதவுல காந்தத்துக்கு அடியில இருக்கு. என் வீட்டம்மா கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டா, அவ சொல்றதுல தப்பே இல்ல. எனக்குக் கோச்சோட பதில் வரணும், வாரத்துக்கு எத்தனை நாள்னு எழுத்துல வேணும். வந்ததும் இங்க போடறேன்.